நீங்கள் சரியாகத்தான் நிறுத்தியிருந்தீர்கள்

‘என்னங்க’ என்று கூப்பிட்டதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரும்பிப் பார்ப்பீர்களே, அந்த முகத்துக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. கொய்யா காய்த்திருக்கிறது. பின்கட்டுப் பட்டறையை நான் இன்னும் பூட்டவில்லை. நீங்கள் செயற்கைக் கால் செய்யும் மாவுக்கட்டு வாசனை அங்கே அப்படியே இருக்கிறது.

இந்தக் கடிதத்தை உங்கள் படத்துக்கு முன்னால் மட்டும் படித்திருக்கலாம். ஆனால் நீங்கள் செய்யாத தப்பை நீங்கள் ஊரறியச் சொல்லிக்கொண்டீர்கள். செய்த நான் மட்டும் மறைவாகச் சொல்வது எந்த நியாயத்தில் சேரும்? நாலு பேர் படிக்கட்டும்.

சின்னப்பொண்ணு விழுந்த அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமையைத்தான் சொல்கிறேன். புளி உலுக்க ஏறி மரத்திலிருந்து விழுந்து, முட்டிக்குக் கீழே காலை இழந்தவள். நீங்கள் செய்து கொடுத்த புதுக் காலோடு ஒரு மாதமாக நடந்து பழகி, அன்று கடைசியாகச் சரிபார்க்க நம் வீட்டுக்கு வந்தாள். நீங்கள் பட்டறையில் மெஷினை ஓடவிட்டிருந்தீர்கள். நான் வீட்டைக் கழுவி, கோலம் போட்டு, பெருமாளுக்குத் தளிகை போட்டு வைத்திருந்தேன். அவள் அந்தக் காலில் பின்வார் வைத்த தோல் செருப்போடு நிலைப்படியில் நின்றாள்.

“செருப்ப வெளியவே வுட்டுட்டு வா.”

“இந்தக் கால்ல கழட்டக் கூடாதுன்னு சார் சொல்லிக்கிறாரும்மா.”

“பெருமாள் இருக்கற வூடு. ரெண்டு அடிதானே? கழட்டிட்டு வா.”

கழற்றினாள். சாமி பெயரைச் சொன்னால் அவளால் மறுக்க முடியுமா? இரண்டாவது அடியில் முட்டி பின்னால் வாங்கி, மல்லாக்க விழுந்தாள். ஊன்றிய கையின் மணிக்கட்டு முறிந்தது.

இதுவரை நடந்தது அறியாமை என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்துச் செய்ததற்கு என்ன பெயர்? உங்களைக் கூப்பிடவில்லை. அவள் கையைப் பிடித்துத் தூக்கவும் இல்லை. வாசலுக்கு ஓடி அந்தச் செருப்பை எடுத்து வந்து, அவள் காலில் மாட்டி வாரை இறுக்கினேன். அவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்திருந்தாள். அதற்குப் பிறகுதான் ‘என்னங்க’ என்று கத்தினேன்.

“இன்னாம்மா ஆச்சி?” என்று ஓடி வந்தீர்கள். அவள் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். “தெரில சார். முட்டி பின்னால போய்ட்ச்சி” என்றாள்.

அந்தக் காலை நீங்கள் பிரித்துப் பூட்டினீர்கள், மறுபடி பிரித்தீர்கள். தப்பு கிடைக்கவில்லை. இல்லாததை எங்கே போய்த் தேடுவீர்கள்? “என் கையில எனக்கே தெரியாத ஒரு தப்பு இருக்குது, அலமேலு” என்றீர்கள். நான் உங்களுக்கு மோர் கொடுத்தேன். அதற்குப் பிறகு எந்தக் காலையும் நீங்கள் தனியாக முடித்துக் கொடுக்கவில்லை. உங்களிடம் படித்த பிள்ளைகளையே கூப்பிட்டு, “நீ ஒரு தடவ பாரு” என்று நின்றீர்கள்.

தினமும் யார் வந்தார்கள், என்ன சமைத்தேன் என்று நோட்டில் விடாமல் எழுதுகிறவள் நான். அன்றைய பக்கத்தில் வடை இருக்கிறது, சுண்டல் இருக்கிறது, ‘சின்னப்பொண்ணு விழுந்தாள்’ என்பதும் இருக்கிறது. ஏன் விழுந்தாள் என்பது இல்லை.

எட்டாவதோடு நின்ற நான், தூசி தட்டுகிற சாக்கில் உங்கள் பாடக் குறிப்புகளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். செருப்பின் குதிகால் உயரத்துக்குப் பொருத்தித்தான் செயற்கைப் பாதத்தை நிறுத்துவார்கள், செருப்பைக் கழற்றினால் கால் பின்னால் சாய்ந்து ஆளைத் தள்ளிவிடும் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். அடுத்த பக்கத்தில், ‘சின்னப்பொண்ணு: என் தவறு, காரணம் தெரியவில்லை.’ இரண்டையும் படித்துவிட்டு நோட்டை மூடி வைத்தேன். அப்போது நீங்கள் உயிரோடு இருந்தீர்கள். பக்கத்து அறையில் இருமிக்கொண்டு இருந்தீர்கள்.

போன வாரம் நஸ்ரீன் வந்திருந்தாள். உங்கள் மாணவி, கல்லூரியில் இப்போது உங்கள் வகுப்புகளை எடுக்கிறவள். வாணியம்பாடியிலிருந்து பிரியாணி கொண்டு வந்து, நான் சனிக்கிழமை சாப்பிட மாட்டேன் என்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். “சின்னப்பொண்ணு கதையத்தாம்மா புதுப் பசங்களுக்கு மொதல் பாடமா எடுக்கப் போறேன். சார் மாதிரி தன் தப்பத் தானே சொல்ற மனுஷன் யாரு இருக்காங்க?” என்றாள். நான் தலையைக் குனிந்து காபி ஆற்றினேன்.

மறுநாள் சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போனேன். களத்தில் சாமை காய வைத்திருந்தாள். நீங்கள் செய்த கால்தான் போட்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, “இன்னா, சாமி வூட்டம்மா இவ்ளோ தூரம்?” என்றாள். வாசலில் நான் செருப்பைக் கழற்றினேன். அவள் சிரித்தாள். “தைரியமா கழட்டிட்டு வா. உனுக்கு ரெண்டும் சொந்தக் கால்தான்.”

“ஏன் சொல்லல நீ?” என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்கப் போனவள் கேட்ட கேள்வி அது.

“சொன்னா உங்க வூட்ல சண்ட வரும். அதுக்காவா அவரு எனுக்குக் கால் குட்த்தாரு?” என்றாள். சாமையைக் கிளறிவிட்டுச் சொன்னாள்: “கை வலி ரெண்டு மாசத்துல போய்ட்ச்சி. ஆனா அவரு வரும்போதெல்லாம் கீழ குந்திக்கினு, இந்தக் காலத் தொட்டுத் தொட்டு, ‘எங்கம்மா தப்பு பண்ணேன்?’னு கேப்பாரு பாரு, அதுதான் தாங்கல. நீ வந்து சொல்லுவன்னு பாத்தேன். அவரு பூட்ட பின்னாடி வந்துகிற.”

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. சாமைக் கஞ்சி கொடுத்தாள். குடித்தேன்.

வீட்டுக்கு வந்து நஸ்ரீனிடம் போனில் எல்லாம் சொன்னேன். “புதன்கெழம வகுப்புக்கு வாங்கம்மா. நீங்களே சொல்லுங்க” என்றாள். குரல் பழைய மாதிரி இல்லை.

போகிறேன். சின்னப்பொண்ணும் வருகிறேன் என்றிருக்கிறாள். அவள் அந்தக் காலோடு, செருப்போடு வகுப்பில் நடந்து காட்டுவாள். நான் நிலைப்படியில் சொன்னதையும், வாரை இறுக்கியதையும் ஒன்றுவிடாமல் சொல்வேன். பிறகு உங்கள் குறிப்பு நோட்டைத் திறந்து, ‘காரணம் தெரியவில்லை’ என்ற உங்கள் எழுத்துக்குக் கீழே, அந்தப் பிள்ளைகள் பார்க்க, காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இது பெருமாளுக்கு நேர்ந்துகொண்டது இல்லை. உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

உங்கள் கைக்குத் தெரிந்ததை உங்களிடமிருந்தே மறைத்தவள்,
உங்கள் மனைவி
அலமேலு