கழுவி வைத்த மாஸ்க்

ஜூலை 5, சனி

காலையிலிருந்து காற்று. ஆடி இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் மாடித் தகரம் தடதடவென்கிறது. விடியற்காலை மட்டும் கொஞ்சம் அடங்குகிறது. நாளை அந்த நேரத்தில் ஜீப்புக்குக் கடைசிப் பூச்சு அடித்துவிட வேண்டும்.

ஏழு மாத வேலை. மாதிரி ஜீப், மொத்தமே ஒரு முழ நீளம். கூடலூரிலிருந்து ஏலத் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகிற நீள ஜீப். பின்படி, மேல்கம்பி, தூக்குவாளி மாட்டும் கொக்கிவரை வைத்தாயிற்று. வெள்ளை அடித்தாயிற்று. மிச்சம் பளபளப்புக்கான கிளியர். கார் பட்டறையில் அடிக்கிற அதே சரக்கு, இறுக்கி உலரவைக்கும் ஹார்டனர் கலந்து.

நாளைக்கு:
- ஜன்னல் இரண்டும் திறக்க. பெயிண்ட் கலக்குவதற்கு முன்பே எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும்.
- அம்மா சாம்பிராணியோடு மாடி ஏறக் கூடாது. தின்னர் பற்றிக்கொள்ளும்! (போன தடவை ஏறினாள்.)
- மாஸ்க். கரி கேட்ரிட்ஜ் உள்ளது. துணி, கொரோனா மாஸ்க் எதுவும் ஹார்டனருக்கு ஆகாது.
- கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை.
- கொடியில் துணி இருந்தால் எடுக்க.
- முடித்த பிறகு இரண்டு மணி நேரம் யாரும் மேலே வரக் கூடாது.

தேனியில் பெயிண்ட் கடைக்காரர் சொன்னது: “நாத்தம் அடிச்சாத்தாம்மா கெடுதல். ஹார்டனருக்கு நாத்தமே கெடையாது.” அதனால்தான் அது ஆபத்து, அண்ணாச்சி. மூக்குக்குத் தெரியாமல் போகும். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

வீட்டிலும் அதே கதை. மாஸ்க்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கதவில் சாய்ந்தபடி: “ஏ புள்ள, பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்க எதுக்கு இந்தப் பன்னி மூஞ்சி?”

அப்பா தலை குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திராட்சையில் சாம்பல் நோய். ஒரு வாரமாக மருந்தடிப்பு. முகம் வாடியிருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

5.40. காற்று இல்லை. எல்லாம் பட்டியல்படி.

கேட்ரிட்ஜில் நான் எழுதிவைத்த தேதி மங்கியிருந்தது. வியர்வை பட்டிருக்கும்.

மெல்லியதாக இரண்டு பூச்சு, நடுவில் பதினைந்து நிமிடம். எங்கும் வழியவில்லை. ஜீப்பின் மேல்தகட்டில் ஜன்னல் கம்பி எண்ணலாம் போலத் தெரிகிறது. இவ்வளவு நன்றாக வரும் என்று நினைக்கவில்லை.

11.30. தொண்டை கரகரப்பு.

1 மணி. மார்பில் இறுக்கம். படுத்தால் அதிகம். உட்கார்ந்தால்

ஜூலை 8, செவ்வாய்

நேற்று மதியம் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊசி போட்ட கை வீக்கம். எழுத்து கோணல்.

மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன். கம்பத்தில் ஆஸ்பத்திரி. என்னை உட்காரவைத்தார்கள். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வர மறுக்கிறது. சட்டையெல்லாம் தின்னர் வாடை. நர்ஸ் என் தாடையைப் பிடித்துத் தூக்கினாள்.

“எதக் குடிச்ச? உண்மையச் சொல்லு, அப்பத்தான் காப்பாத்த முடியும்.”

பேச முடியாமல் மூக்கைக் காட்டினேன்.

அண்ணன் சொன்னான்: “குடிக்கலைங்க. பெயிண்ட்டு.”

“பெயிண்டையா குடிச்சுச்சு?”

“இல்லைங்க, பொம்மைக்கு அடிச்சுச்சு.”

“இம்புட்டு வயசுல என்ன பொம்ம? கல்யாணம் ஆயிருச்சா?”

“இல்லைங்க.”

“அதான பாத்தேன்.” வயிற்றைக் கழுவக் குழாய் எடுக்கப் போய்விட்டாள். டாக்டர் வந்து முதுகில் குழலை வைத்துக் கேட்ட பிறகுதான் விட்டார்கள். வீசிங். முகத்தில் மருந்துப் புகை மூடி, கையில் ஊசி, ஒரு நாள் படுக்கை.

அந்த “அதான பாத்தேன்” இன்னும் காதில் இருக்கிறது. தோட்டத்து வீட்டுப் பெண், இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, உடம்பில் ரசாயன வாடை. கணக்கு முடிந்தது. யோசித்தால் அவளைத் திட்ட முடியவில்லை. அப்படி எத்தனை பேரைப் பார்த்திருந்தால் கேள்வி அவ்வளவு சரளமாக வரும்? அதை நினைத்தால் இன்னும் கோபம்.

எங்கள் ஊரில் மருந்து என்ற ஒரே சொல்தான். திராட்சைக் கொடிக்கு அடிப்பதும் மருந்து. ஆஸ்பத்திரியில் தருவதும் மருந்து. செத்துப்போகக் குடிப்பதும் மருந்து. முதலாவதும் மூன்றாவதும் ஒரே டப்பா. அதற்கு விஷம் என்று பெயர் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

எல்லாம் சரியாகத்தானே செய்தேன். பிறகு ஏன்?

ஒன்று நினைவுக்கு வருகிறது. இரண்டாம் பூச்சின்போது மாஸ்க்குக்குள் தின்னர் வாடை லேசாக வந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். பாதிப் பூச்சில் நிறுத்தினால் திட்டுத்திட்டாகிவிடும் என்று அடித்து முடித்தேன். ஒரு ஜீப்பின் கூரைக்காக. புத்திசாலி!

ஜூலை 10, வியாழன்

நூலகர் வேலைக்கு லீவு முடிந்தது, பள்ளிக்குப் போனேன். நூலகத்தில் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் கணக்கு டீச்சர் வந்தார். இதுவரை ஒரு புத்தகம் எடுத்ததில்லை. என் கையைப் பிடித்து, “எந்தக் கஷ்டம்னாலும் மனசு விட்டுப் பேசலாம், உயிரு பெருசில்லையா” என்றார். எனக்கு வீசிங், டீச்சர் என்றேன். “சரி, சரி. அப்படியே சொல்லிக்கங்க” என்றார். அப்படியே சொல்லிக்கொள்வதா!

வீட்டுக்கு வந்தால் அம்மா அழுதுகொண்டிருக்கிறாள். பக்கத்துத் தோட்டத்துப் பாண்டி மாமா பால் கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார்: “மருந்து குடிச்சிருச்சாம்ல? அந்தப் பய யாரு, அக்கா?”

“நீ என்ன சொன்ன?”

“என்னத்தச் சொல்ல? பெயிண்டுன்னேன். ஆமா, பொம்மையாக்கும்னு சிரிக்காக.”

ஜீப்பை உடைக்கலாம் போல வந்தது. மாடிக்குப் போனேன். அங்கே இருக்கிறது, பளபளவென்று. தொட மனமில்லை.

மாஸ்க்கை எடுத்துப் பார்த்தேன். கேட்ரிட்ஜை ஆட்டினால் உள்ளே கரி கட்டிகட்டியாக உருண்டது. இப்படி உருளக் கூடாது. கீழே கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன்.

“அதுவா? நாந்தான் கழுவி வச்சேன்.”

“எப்ப?”

“போன வாரம். கொழாயடில கெடந்துச்சு, ஒரே கந்தக நாத்தம். வெந்நி ஊத்தி சோப்பு போட்டு அலசி, வெயில்ல காயப்போட்டு, ஒன் டப்பாக்குள்ள எடுத்த மாதிரியே வச்சேன். ஒனக்குச் சுத்தமா இருந்தாத்தான பிடிக்கும்?”

அந்தக் கரியில் தண்ணீர் படவே கூடாது. திறந்து வைத்தாலே கெட்டுவிடும் என்றுதான் இறுக்கமான டப்பாவில் போட்டு வைக்கிறேன். என்ன சொல்ல? பாசமாகக் கழுவியிருக்கிறாள். கேட்ரிட்ஜின் மூலைவரை தேய்த்திருக்கிறாள். தேதி மங்கியது வியர்வையால் அல்ல.

ஆனால் கந்தகம்? என் அறையில் கந்தகம் கிடையாது. இந்த வீட்டில் கந்தகம் திராட்சைக்கு மட்டும்தான். அப்படியானால் யாரோ என்னைக் கேட்காமல் மாஸ்க்கைத் தோட்டத்துக்கு எடுத்துப்போய், குழாயடியில் போட்டிருக்கிறார்கள்.

அண்ணன். வேறு யார்?

“நீதான எடுத்த?”

“எனக்கெதுக்குடி அந்தப் பன்னி மூஞ்சி?”

“பொய் சொல்லாத. செத்திருப்பேன்.”

“சத்தியமா நான் எடுக்கல.”

தண்ணீர் மக்கை எறிந்தேன். சுவரில் பட்டுப் பிடி உடைந்தது. அப்பா முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தார், எல்லாம் கேட்டிருக்கும். உள்ளே வரவில்லை.

ஜூலை 12, சனி

தேனி. நுரையீரல் டாக்டர். குழாயில் ஊதச் சொன்னார். மருந்து இழுக்கச் சொல்லி மறுபடி ஊதச் சொன்னார். பெயிண்ட் டப்பாவின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பெரிதாக்கிப் படித்தார். முதல் முறையாக ஒருவர் படித்தார்.

“இனிமே ஹார்டனர் கலந்த எதையும் நீங்க அடிக்கக் கூடாது. பக்கத்துல நின்னு பாக்கவும் கூடாது. ஒடம்பு அத அடையாளம் வச்சுக்கிட்டா, அடுத்த தடவ கொஞ்சமா போதும்.”

“நல்ல மாஸ்க் போட்டாலும்?”

“போட்டாலும்.”

பையில் மாத்திரை, இன்ஹேலர். பஸ்ஸில் ஜன்னல் ஓரம். சின்னமனூர் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அந்தக் கண்ணாடிப் பளபளப்பு இனி என் கையால் வராது. தூரிகை, தண்ணீர் பெயிண்ட், அவ்வளவுதான். சின்ன விஷயம்தான். யாருக்கும் சொன்னால் சிரிப்பார்கள். எனக்குச் சின்ன விஷயம் இல்லை. அண்ணனோடு பேச்சில்லை. பேசவும் போவதில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மாஸ்க்கை எடுத்தது அண்ணன் இல்லை. அப்பா.

காலையில் நான் துணி உலர்த்தும்போது வந்து பக்கத்தில் நின்றார். கொடியைப் பிடித்துக்கொண்டே பேசினார், என்னைப் பார்க்கவில்லை.

“ஆத்தா, அண்ணனை வையாத. எடுத்தது நாந்தான்.”

உதறின துணியை மறுபடி உதறினேன்.

“போன மாசம் நீ மாட்டிக்கிட்டு நின்ன. பொம்மைக்கே பிள்ள இம்புட்டுப் பாக்குதே, நம்ம முப்பது வருசமா அண்ணாந்து பாத்து அடிக்கிறமேன்னு தோணுச்சு. எவனும் பாத்துச் சிரிச்சிரக் கூடாதுன்னு வெள்ளனமே போனேன். ரெண்டு நாளு போட்டேன். அந்த ரெண்டு நாளுதான் தலை கிறுகிறுக்கல. சோறு எறங்குச்சு. கழட்டிக் கொழாயடில வச்சேன், எடுத்து வைக்க மறந்துட்டேன்.”

“கேட்டிருக்கலாம்ல?”

“என்னன்னு கேக்க? வெக்கமா இருந்துச்சு.”

போய்விட்டார்.

மூன்று நாளாகச் சேர்த்து வைத்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? கேட்காமல் எடுத்தாரே என்று அவர் மேல் கோபம். என்னிடம் கேட்க அவருக்கு வெட்கம் வந்ததே, அந்த அளவுக்கு நான் யார் என்று என் மேல் கோபம்.

திராட்சைப் பந்தல் தலைக்கு மேல் இருக்கிறது. முகத்தைத் தூக்கித்தான் அடிக்க வேண்டும். அடித்ததில் பாதி திரும்ப முகத்தில்தான் விழும். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு போவார், மஞ்சளாகத் திரும்பி வருவார்.

மதியம் மோட்டார் அறைக்குப் போய் அவருடைய டப்பாக்களைத் திருப்பிப் பார்த்தேன். முதல் தடவையாக. கழுத்தில் ரப்பர் போட்டுக் கட்டின மடிப்புக் காகிதம், ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. உள்ளே மாஸ்க் படம், கையுறை படம், தமிழிலேயே எழுத்து. எறும்பு எழுத்து. ஒரு முழ ஜீப்புக்கு அடிக்கிற பெயிண்டின் எறும்பு எழுத்தை நான் எத்தனை முறை படித்திருக்கிறேன்! வீட்டில் படிக்கிறவள் நான் ஒருத்தி.

அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். “மக்கு எறிஞ்ச மக்கு” என்றான். அதோடு முடிந்தது.

ஜூலை 15, செவ்வாய்

ஹார்டனர், கிளியர் இரண்டையும் இறுக மூடி அண்ணனிடம் கொடுத்தேன். சாக்கடையில் ஊற்றாதே, கடையிலேயே திருப்பிக் கொடு என்றேன். சரி என்றான்.

அப்பாவுக்கு மாஸ்க் ஆர்டர் போட்டாயிற்று. கேட்ரிட்ஜ் மட்டும் போதாது. மருந்து துளித்துளியாக விழுவதால் அதன் முன்னால் இன்னொரு வடிகட்டியும் வேண்டும். கண்ணாடி, கையுறை சேர்த்து.

அவரிடம் சொன்னேன். “எனக்கு வேணாம் ஆத்தா. அத நான் தொட்டதுலதான் ஒனக்கு இப்படி ஆயிருச்சு.” இன்று காலையும் துண்டோடுதான் போனார். சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார்.

தண்டனையாம். தனக்குத்தானே. கத்தினேன். அம்மா, “மெதுவா பேசு, ஏற்கெனவே ஊரு பேசுது” என்றாள். ஊர்! ஊர்!

ஜூலை 19, சனி

மாஸ்க் வந்துவிட்டது. மாட்டிவிட்டேன். கேட்ரிட்ஜ் இரண்டையும் உள்ளங்கையால் பொத்தி இழுத்துப் பார்க்கச் சொன்னேன். முகத்தோடு ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை. ஒரு வாரத் தாடி, ஓரமெல்லாம் காற்று.

“வழிச்சாத்தான் ஒட்டும்.”

“மருந்தடிக்கப் போறவன் சேவிங் பண்ணிட்டுப் போவானா? பொண்ணு பாக்கப் போறவன் மாதிரி.”

“தினமும் வழிக்கணும். மருந்தடிக்கிற அன்னிக்கெல்லாம்.”

“ஒங்கப்பா கல்யாணத்தன்னிக்கே ஒழுங்கா வழிக்கல,” என்று அம்மா அடுப்பங்கரையிலிருந்து.

நான் நகரவில்லை. நீங்க போடாட்டி நானும் மாத்திரை போட மாட்டேன் என்றேன். அசிங்கமான மிரட்டல். தெரிந்துதான் சொன்னேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஐந்து மணிக்கே எழுந்து அவரே வழித்துக்கொண்டார். தாடையில் ஒரு வெட்டு. மாஸ்க் ஒட்டியது. ஆனால் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். தோட்டத்தில் போய் மாட்டிக்கொள்கிறாராம். நம்பவில்லை, பின்னாலேயே போனேன். காற்று வருகிற பக்கமாக வரப்பிலேயே நின்றேன், எதற்கும் கொஞ்சம் தள்ளியே.

மாட்டினார். பந்தலுக்குள் போனார். அண்ணாந்து அடிக்க ஆரம்பித்தார்.

பாண்டி மாமா வரப்போடு வந்தார், தோளில் தெளிப்பான், மூக்கில் துண்டு.

“என்ன மச்சான், மூஞ்சிய வழிச்சு மூடி போட்டிருக்கீக? சந்திரனுக்கா போறீக?”

அப்பாவின் கை நின்றுவிட்டது. கழற்றிவிடுவார் என்று பார்த்தேன். விரல் மாஸ்க் பட்டைவரை போயிற்று.

பாண்டி மாமா என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “ஒடம்பு தேவலையா ஆத்தா? இனிமே அந்த மாதிரியெல்லாம் செய்யாத. அப்பன் மூஞ்சியப் பாரு.”

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் மாமா. எங்க வீட்டுல மருந்த அடிக்கிறாக. யாரும் குடிக்கல. குடிக்கிறது நீங்கதான், தெனமும், அந்தத் துண்டு வழியா.”

இரண்டு தோட்டத்துக்கும் கேட்டிருக்கும். அவர் துண்டைத் தொட்டுப் பார்த்தார். வரப்போடு நடந்தார். அப்பாவின் விரல் பட்டையை விட்டது. மறுபடி அடிக்க ஆரம்பித்தார்.

கத்தியதில் மூச்சு வாங்குகிறது. 7.10. இன்ஹேலர், இரண்டு இழுப்பு.