மேட்டைத் தாண்டாத சிக்னல்

அக்டோபர் 10, வெள்ளி

காலையிலிருந்து தூறல். வித்துரா ஆஸ்பத்திரி மொட்டைமாடியிலிருந்து மலை மேல் எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு மூன்று முறை ட்ரோன் அனுப்பிப் பார்த்தோம். மருந்துப் பெட்டியில் வெறும் தண்ணீர் பாட்டில். மூன்றும் போய்ச் சேர்ந்தன. ஓட்டுகிற ஷாஜிக்கு ஒரே சந்தோஷம். எனக்கு இல்லை. சிக்னல் என் பொறுப்பு. கடைசி மேட்டில் ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டு வருகிறது.

ட்ரோனுக்கென்று தனி அலைவரிசை கிடையாது. வைஃபை ஓடும் அதே பொது அலைவரிசை. மேட்டுக்குப் பின்னால் அதுவும் எட்டாது. அங்கே செல்போன் சிம்தான் கதி. டவர்களோ தரையில் இருப்பவர்களுக்காகக் கீழே பார்த்து நிற்பவை. தனி அலைவரிசை கேட்டு எழுதிப் பல மாதம். பதில் இல்லை. மேனேஜர் சாரிடம் சொன்னேன். "முதல்ல பறக்கட்டே. பின்னே நோக்காம்." பிறகு பார்க்கலாமாம்.

வீடு திரும்ப, பஸ்ஸில் கரமனை வரை நின்றுகொண்டே. குடைக் கம்பி உடைந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

நல்ல வெயில். பொன்முடிக்கு டூரிஸ்ட் வண்டிகள் வரிசையாக. நானும் ஷாஜியும் பேட்டரி பார்க்க வித்துரா போயிருந்தோம்.

மதியத்துக்கு முன் டிஸ்பென்சரி ஸிஸ்டரின் போன். பாக்கியம் என்ற எஸ்டேட் தொழிலாளி, விறகு பொறுக்கப் போன இடத்தில் பாம்பு கடித்துவிட்டது. விஷமுறிவு மருந்து அங்கே இல்லை. ரோடு மழையில் அரித்துக் கிடக்கிறது. மருந்து பறந்து வரும், அசைக்காமல் வைத்திருங்கள் என்றார் இங்குள்ள டாக்டர்.

மேடு வரை சரி. பிறகு திரையில் படம் உறைந்தது. பொன்முடிக் கூட்டம் முழுக்க அந்த ஒரே டவரில் வீடியோ அனுப்பிக்கொண்டு. இணைப்பு அறுந்தால் தானாகத் திரும்ப வேண்டும், அனுமதியின் நிபந்தனை. திரும்பியது. பெட்டியோடு எங்கள் முன்னால் அலுங்காமல் இறங்கியது. பேட்டரி மாற்றி மறுபடி அனுப்பினோம். மறுபடி அதே இடம்.

அதற்கப்புறம்தான் ஜீப். வழியிலேயே முடிந்துவிட்டது.

ராத்திரி அம்மா, "ஏண்டி, ஒண்ணுமே சாப்பிடலையே" என்றாள். தலைவலி என்றேன்.

அக்டோபர் 13, திங்கள்

ரிப்போர்ட். மோசமான வானிலை என்று போடச் சொல்கிறார் சார். வெயில் அடித்தது என்றேன். திட்டம் நின்றுவிட்டால் அடுத்த ஆளுக்கும் மருந்து போகாது, யோசி என்றார். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அதுதான் கஷ்டம்.

இணைப்பு அறுந்தது, டவர் நெரிசல், தனி அலைவரிசை இல்லை என்றே எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடாமல் மேசையில் வைத்திருக்கிறார்.

சாலை பஜாரில் கேபிள் வாங்க வேண்டும். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை.

அக்டோபர் 15, புதன்

மேகமூட்டம். ஷாஜியோடு எஸ்டேட் லயத்துக்கு, தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, போனேன். பாக்கியத்தின் புருஷன் தங்கராஜ் நாற்காலி எடுத்துப் போட்டார். பால் விடாத கட்டன் சாயா வந்தது. ட்ரோன் ஏன் திரும்பியது என்று சொல்ல ஆரம்பித்தேன். அலைவரிசை, டவர், பொன்முடிக் கூட்டம். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

முடித்ததும், ஒரு குற்றச்சாட்டும் இல்லாத குரலில் அவர் சொன்னார்.

"சத்தம் கேட்டுது மேடம். வந்துட்டுன்னு அவகிட்ட சொன்னேன். அப்புறம் சத்தம் போயிட்டு. சரின்னு ஜீப்புல தூக்கி ஏத்துனோம். மறுபடி கேட்டுது. அவதான், மருந்து வந்துட்டுல்ல, என்ன இறக்குங்கன்னா."

இறக்கியிருக்கிறார்கள்.