ராசம்மா கையில் இருந்த குறி

14.7.1994, இரவு

விளக்கைப் போடாமல் எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும்.

மத்தியானம் கம்பெனியில் நானும் ராசம்மாவும் பனியன் தேய்த்துக்கொண்டிருந்தோம். அவள் மடத்துக்குளத்துக்கு மேலே மலையில் பிறந்தவள். முழங்கைக்குக் கீழே வரிசையாகப் புள்ளிகளும் நடுவில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகளும் பச்சை குத்தியிருப்பாள். போன மாதம் அவளைக் கட்டிய முருகேசன் கட்டிங் செக்‌ஷனிலிருந்து வந்து நின்றான். மலையில் கல்யாணத்துக்குத்தான் அப்படிக் குத்துவார்கள் என்று டீக்கடையில் எவனோ சொல்லியிருக்கிறான்.

"எனக்கு முன்னால உன்னக் கட்டுனவன் ஆருடி?"

"இது எங்கம்மா ஊட்டுக் குறிங்க மாமா. பெரியவளானா எல்லாப் புள்ளைக்கும் குத்துவாங்க. செத்த பொறகு இதப் பாத்துத்தான் எங்க சனம் எங்களச் சேத்துக்கும்."

அவன் என் அயன் பாக்ஸைப் பிடுங்கினான். அவள் கையை டேபிளில் அமுக்கி அந்தப் புள்ளிகளின் மேல் வைத்து அழுத்தினான். தோல் கருகி நாறியது. எல்லோரும் சேர்ந்து இழுத்தும் விடவில்லை. இடுப்பில் செருகியிருந்த நூல் வெட்டும் கத்தரியால் அவன் தோளில் குத்தினேன். அப்புறம்தான் விட்டான்.

ராசம்மா அழவில்லை. "முதுகுலயும் இருக்குதுங்க மாமா. அதையும் தேச்சுருங்க" என்று திரும்பி நின்றாள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "அவன் பொண்டாட்டி, உனக்கென்ன" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

என் கையிலும் பச்சை இருக்கிறது, இவர் பெயர். கல்யாணமான வாரமே, நான் கதறக் கதற மாமியார் பிடித்துக்கொள்ளக் குத்தியது.

இவர் குறட்டை விடுகிறார். கத்தரி இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது.