எத்தேரி பாராட்டிய ஓஜலேஷி

அக்டோபர் 9
கோச்சா திராட்சையை இன்றே பறித்துவிட்டார். என் கணவரின் அண்ணன். மூளையும் தம்பிக்கு இருக்கிற அளவுதான். ஓஜலேஷி உறைபனி விழுந்த பிறகு பறிக்கும் திராட்சை என்று இந்த ஊரில் பன்றிக்குக்கூடத் தெரியும். "பனி வர்ற வரைக்கும் குருவிக்கா வளக்குறோம்?" என்றார் கொடி படர்ந்த மரத்து மேலிருந்து. ஒன்றைக் கடித்தேன். புளிப்பில் பல் கூசியது.

அக்டோபர் 10
புளிப்பை மறைக்கச் சர்க்கரை மூட்டை இறங்குகிறது. என் கணவர் முர்தாஸ் ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்கிறார். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

நவம்பர் 30
திட்டம் இப்போதுதான் வெளிவந்தது. திபிலிசி வியாபாரி ஸாஸா இந்த ஒயினை எடுத்துக்கொண்டால், கோச்சா மூன்று மரங்களையும் வெட்டிவிட்டுக் கம்பிகட்டிப் புதுக்கொடி வளர்ப்பாராம். ஏணி ஏற வேண்டாமாம். என் மாமனார் பிறக்கும் முன்பே அந்த மரங்களில் ஏறிய கொடி! நிலம் இன்னும் பாகம் பிரியவில்லை, மூத்தவர் வைத்ததுதான் சட்டம். "அண்ணன் சொல்றப்போ நான் என்ன சொல்ல?" என்கிறார் முர்தாஸ். என்றைக்கு எதைச் சொன்னார்?

போகட்டும். அந்தச் சர்க்கரைத் தண்ணீரை எவன் வாங்குவான்?

மார்ச் 2
மண்ணில் புதைத்த ஒயின் சாடியைத் திறந்து விருந்து. வந்தது மிட்டாய்க் கரைசல். விருந்து வைத்தவரின் ஒயினை அவர் மேசையிலேயே குறை சொல்வது இங்கே வழக்கமில்லை. எல்லோரும் தலையாட்டி விழுங்கினார்கள். ஸாஸா மட்டும் கிளாஸைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன்.

"கோச்சா அத்தான், இப்படியொரு ஒயினை இந்த ஊர் கண்டதே இல்ல. இன்னும் நூறு வருஷம் நீங்கதான் போடணும்."

குத்தல்தான். யாரும் சிரிக்கவில்லை. கோச்சாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து வீட்டு துத்தா ஸாஸாவிடம் சொன்னாள்: "எத்தேரி பெத்த பிள்ளையவே பாராட்டுனதில்ல. இவளே சொல்றான்னா பாத்துக்கோங்க." அவன் கிளாஸைக் காலி செய்தான். சாடி முழுவதும் தனக்கே என்றான்.

மார்ச் 3
மடையர்கள். அத்தனை பேரும்.

மார்ச் 5
கோச்சாவிடம் போய்ச் சொன்னேன் — அன்று சொன்னது கேலி, ஒயின் வாயில் வைக்க லாயக்கில்லை என்று. சிரிக்கிறார்! "இதெல்லாம் உன் வாய் பேசுறதும்மா. அன்னிக்குப் பேசினது உன் மனசு."

மார்ச் 19
மூன்று மரங்களும் சாய்ந்துவிட்டன. வெட்டிய கொடிகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. பார்க்க முடியவில்லை.

சாப்பிடும்போது முர்தாஸ் கேட்டார்: "அந்த ஒயின் நெசமாவே நல்லாவா இருந்துச்சு? எனக்கு வெறும் சர்க்கரையாத்தான் தெரிஞ்சுது. அண்ணன்கிட்டச் சொல்லிடணும்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள நீ எந்திரிச்சுட்டே. சரி, என் நாக்குதான் சரியில்லபோலன்னு உக்காந்துட்டேன்."

அவருக்கு இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றினேன். என்னால் சாப்பிட முடியவில்லை.