பால் கலக்கிய கை

1953 ஆகஸ்ட் 3, திங்கள்

இன்று பள்ளிக்குத் திரும்பினேன். இரண்டு வார லீவு போதும் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதை வகுப்பிலும் செய்யலாம்.

என் பிள்ளை அருள் போய்ப் பதினாறு நாள். ஏழு வயது. இருபத்துமூன்று நாள் ஜுரம், டைபாய்டு என்றார்கள். கடைசி இரண்டு நாள் என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டான். பள்ளிக்கூடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது.

பதினோரு மணிக்குப் பால். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து வெளிநாட்டுப் பால்மாவு வருகிறது. குழாய்த் தண்ணீரை அண்டாவில் பிடித்து, மாவைக் கொட்டிக் கரைக்க வேண்டும். கரண்டிக்குக் கட்டி உடையாது. கையை விட்டுத்தான் கரைப்பேன். நான் லீவில் இருந்தபோது ஆயா மத்தால் கடைந்தாளாம். கட்டி கட்டியாக இருந்தது என்று பிள்ளைகள் சொன்னார்கள். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார்கள்.

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 6

அடுத்த வீட்டுக் கன்னியம்மா வந்தாள். நாலாவது வீட்டு எத்திராஜின் மகள் செங்கேணிக்கும் அதே ஜுரமாம். என் வகுப்புப் பெண். இதோடு ஆறு பிள்ளைகள்.

"எல்லாம் அந்தக் கூழ்க்காரி சீனியம்மா வேலதான் டீச்சர். மூக்கச் சிந்திட்டு அந்தக் கையாலயே சட்டில வுட்டுக் கலக்கறா. ஒரே குவளை, தெருவே வாய் வச்சுக் குடிக்குது. கலீஜு."

தலையாட்டினேன். அருளும் அவளிடம் குடிப்பான். எங்கள் காம்பவுண்டு வாசலில்தான் அவள் உட்காருவாள்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் வாசலில் எத்திராஜும் கன்னியம்மாவும் காகிதத்தோடு நிற்கிறார்கள். "எங்களுக்கு எழுத வராது. சுகாதார ஆபீசுக்கு ஒண்ணு எழுதிக் குடு டீச்சர். உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."

எழுதினேன். "மேற்படி சீனியம்மாளின் அசுத்தமான கைகளால் எங்கள் குழந்தைகள் மாண்டும் நோயுற்றும்..." எழுதும்போது அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. பரீட்சைத்தாள் திருத்துவதுபோல் இருந்தது. முதல் கையெழுத்து என்னுடையது.

வீட்டுக்காரர் ஜேக்கப்பிடம் நீட்டினேன். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிவிட்டு வந்து அப்போதுதான் சட்டையைக் கழற்றினார்.

"நீ பாத்தியா?"

"எதை?"

"அவ கையாலதான் வந்திச்சின்னு."

அவர் கையெழுத்துப் போடவில்லை.

ஆகஸ்ட் 11

மனுவுக்குப் பதில் வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. காலையில் எத்திராஜும் இன்னும் நாலு பேரும் சட்டியைத் தூக்கி ரோட்டில் போட்டு உடைத்துவிட்டார்கள். கூழ் சாக்கடை வரைக்கும் ஓடியது. நான் குடையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

சீனியம்மாள் அவர்களைத் தாண்டி நடந்தாள். என்னிடம் வந்தாள். "நீ எழுதிக் குடுத்தியாமே டீச்சரம்மா? நானு உன் புள்ளக்கி இன்னா பண்ணேன்?"

பள்ளிக்கு நேரமாகிறது என்று சொன்னேன். அப்படித்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 12

பால். அறுபத்துநாலு பிள்ளைகள். மீதமில்லை.

ஆகஸ்ட் 26

செங்கேணி இறந்துவிட்டாள். எத்திராஜ் ரயில்வே யூனிபாரத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி அங்கம்மா நிறைமாதம். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "உனக்குத்தான் டீச்சர் தெரியும். உனக்குத்தான் தெரியும்."

கையை அவளிடமே விட்டுவைத்தேன். வேறு யாருடைய கையோ போலிருந்தது.

ஆகஸ்ட் 28, வெள்ளி

சுகாதார இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வந்தார். சௌக்கத் அலி என்று பெயர். ஒல்லியான மனிதர், நிதானமாகப் பேசுகிறார். கூழ்க்காரி போய்ப் பதினேழு நாளாகிறது, ஆனால் நேற்று இரண்டாம் வகுப்பில் இன்னும் இரண்டு பேர் படுத்துவிட்டார்கள். இரண்டு பேரும் அவளிடம் குடித்ததே இல்லையாம்.

கக்கூஸ் தாழ்ப்பாளைப் பார்த்தார். குழாய்த் திருகைப் பார்த்தார். பால் அண்டா பக்கத்தில் சங்கிலியில் தொங்கும் இரண்டு குவளைகளையும் தூக்கிப் பார்த்தார். "இது கண்ணுக்குத் தெரியாதுங்க. கக்கூஸ் போயிட்டு வந்த கையில ஒட்டிக்கும். அந்தக் கை தாழ்ப்பாளத் தொடும், குழாயத் தொடும். அடுத்த ஆள் அதத் தொட்டுட்டு வாயில கைய வைப்பான். அவ்வளவுதான்."

சோப்பு எங்கே என்று கேட்டார். பள்ளியில் சோப்பு கிடையாது.

பிறகு ஒரு நோட்டை விரித்தார். எந்தப் பிள்ளைக்கு என்றைக்கு ஜுரம் கண்டது என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை ஆறு பேர். நடுவில் மூன்று வாரம் யாருமில்லை. இப்போது மறுபடி.

"ஜூலைக் கடைசியில இங்க யாராச்சும் லீவுல இருந்தாங்களா?"

நான்தான், என்றேன்.

"உங்களுக்கு எப்பவாச்சும் இந்த ஜுரம் வந்திருக்கா?"

வந்திருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முன்னால், எண்ணூரில் அம்மா வீட்டில், நாற்பது நாள். அப்போதே நல்லாயிடுச்சே, என்றேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

எல்லோருக்கும் சின்ன டப்பா கொடுத்தார்கள். மலம் எடுத்துக் கொடுக்க வேண்டும். எனக்கு, ஆயாவுக்கு, தலைமையாசிரியைக்கு. சீனியம்மாளையும் தேடிப் போயிருக்கிறார்கள்.

முடிவு வரும்வரை பாலை நிறுத்திவிட்டார்கள்.

செப்டம்பர் 7, திங்கள்

நான்.

செப்டம்பர் 8

மாதா பிறந்த திருநாள். எல்லா வீட்டிலும் பலகாரம். கன்னியம்மா மாவு பிசைந்து தரக் கூப்பிட்டாள். தலைவலி என்றேன்.

நேற்று இன்ஸ்பெக்டர் சொன்னதை எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் நானே கற்பனை செய்தேன் என்று தோன்றிவிடும். கிருமி என் பித்தப்பையில் ஐந்து வருஷமாகத் தங்கியிருக்கிறது. எனக்கு ஒன்றும் செய்யாது. மலத்தில் வெளியே வந்துகொண்டே இருக்கும். சீனியம்மாளிடம் இல்லை. ஆயாவிடம் இல்லை.

"நான் கை கழுவாமல் இருந்ததே இல்லை ஐயா."

"சோப்புப் போட்டா?"

"தண்ணீரில்."

"அது பத்தாதுங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. திட்டியிருக்கலாம்.

ஐந்து வருஷம் வீட்டில் சமைத்திருக்கிறேனே, அப்போதெல்லாம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். கொதித்த சோறு, கொதித்த குழம்பு, தப்பித்திருக்கலாம் என்றார். பச்சைத் தண்ணீரில் கையை விட்டுக் கரைத்த பால் அப்படியில்லை.

அருளுக்கு அந்தப் பால் பிடிக்காது. வாடை அடிக்குதும்மா, வேணாம்மா என்பான். டீச்சர் பிள்ளையே குடிக்கலேன்னா மத்த பிள்ளைங்க எப்படிடா குடிக்கும் என்று மூக்கைப் பிடித்து ஊற்றினேன். நான்தானே ஊற்றினேன். வேணாம் வேணாம்னுதானே சொல்லிச்சு புள்ள —

செப்டம்பர் 9

எழுத ஒன்றுமில்லை. துணி துவைத்தேன். காய்ந்ததை மறுபடி துவைத்தேன்.

செப்டம்பர் 10

ஜேக்கப் ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்தார். நான் தட்டு வைக்கவில்லை. உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன், ஒன்றையும் விடாமல். பாலை ஊற்றியதையும்.

தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"எங்கிட்டகூட சொன்னான். நைனா, பாலு வேணாம்னு அம்மாகிட்ட சொல்லுன்னான். நானுதான் சொல்லல."

எழுந்து போய் அரிசி களைந்தார். அவருக்குச் சமைக்கத் தெரியாது. சோறு அடிப்பிடித்துவிட்டது. எனக்கும் ஒரு தட்டில் போட்டுத் தள்ளி வைத்தார்.

செப்டம்பர் 13, ஞாயிறு

காசிமேட்டுக் குப்பத்தில் சீனியம்மாளைத் தேடிப்பிடித்தேன். மணலில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தாள். யார் வீட்டுக் கூலிக்கோ. கிட்டப் போகாமல் நின்றபடியே சொன்னேன். உன்னால் இல்லை, என்னால் என்று.

"தெரியும். டப்பா வாங்கினு போனாரே, அந்த சாயபு வந்து சொன்னாரு. உங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா, நீ யாவாரம் பண்ணுன்னாரு. யாரு எங்கிட்ட வாங்குவாங்க? நீ எழுதினத ஊரே படிச்சிகீது."

மன்னிப்புக் கேட்டேன்.

"புள்ளயப் பறிகுடுத்தவகிட்ட நானு இன்னா சொல்றது? ஆனா ஒண்ணு. அழுதுகினு நிக்காத. எழுதினியே, அதே மாதிரி இன்னொண்ணு எழுது. எழுதி அதே வாசல்ல படி."

நான் அழவில்லை. அவளுக்கு அப்படித் தெரிந்திருக்கிறது.

செப்டம்பர் 14

காலை ஆறரைக்குக் குழாயடியில் எல்லோரும் இருப்பார்கள். அங்கே படித்தேன். "சென்ற மாதம் நான் எழுதிய மனு பொய். சீனியம்மாளிடம் நோய் இல்லை. என் உடம்பில் இருக்கிறது. பள்ளிப் பாலை என் கையால் கலக்கினேன். என் மகன் அருளப்பனும் செங்கேணியும் அதனால் இறந்தார்கள்." ஐந்து வரிதான். முடிக்க நேரமாயிற்று.

குடங்கள் நிரம்பி வழிந்தன. யாரும் குழாயை மூடவில்லை.

எத்திராஜ் என்னை நோக்கி வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றுகூட நினைத்தேன். ஜேக்கப் எங்கிருந்தோ வந்து பக்கத்தில் நின்றார். எத்திராஜ் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அந்தக் கெழவி சட்டிய நானு ஒடச்சேன்" என்றான். திரும்பிப் போய்விட்டான்.

அங்கம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

செப்டம்பர் 21

வேலையை ராஜினாமா செய்தேன். தலைமையாசிரியை தடுக்கவில்லை. பள்ளியில் இப்போது கக்கூசுக்கு வெளியே சோப்பு, பாலுக்கு நீளக் கரண்டி, அதுவும் தண்ணீரைக் காய்ச்சிய பிறகு. பிள்ளைகள் அவரவர் டம்ளர் கொண்டுவர வேண்டும். எல்லாம் ஒரே வாரத்தில் ஆகிவிட்டது. இவ்வளவுதானா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 5

சீனியம்மாள் வாசலுக்கு வந்துவிட்டாள். புதுச் சட்டி, எத்திராஜ் வாங்கிக் கொடுத்ததாம். முதல் நாள் யாரும் கிட்டே போகவில்லை. ஜேக்கப் ஷிஃப்டுக்குப் போகிற வழியில் நின்று ஒரு குவளை குடித்தார். ஜன்னலிலிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு இரண்டு பேர் வந்தார்கள்.

அக்டோபர் 19

கிருமியை அழிக்கக் கொடுத்த மாத்திரைகளால் பயனில்லை. மறுபடி கிருமி இருக்கிறது. பித்தப்பையை எடுத்துவிட்டால் போக வாய்ப்பு உண்டு, உறுதியில்லை என்கிறார் டாக்டர். உயிருக்கும் உறுதியில்லை. சரி என்றேன். டாக்டர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, புருஷனையும் கேட்டுக்கொண்டு வாம்மா என்றார்.

ஜேக்கப் காகிதத்தை இரண்டு முறை படித்தார். "பொயச்சி வருவேன்னு சொல்லு. அப்பதான் கையெழுத்து போடுவேன்."

சொன்னேன்.

நவம்பர் 22

ஆபரேஷன் முடிந்து வீடு. வயிற்றில் ஒரு சாண் தையல். வலிக்கிறது. வலிப்பது தெரிகிறது.

நவம்பர் 30

அங்கம்மாவின் குழந்தைக்கு இன்று செங்கேணி ஞாபகமாகப் பெயர் வைத்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. குழந்தையின் அழுகுரல் ஜன்னல் வழியாக வருகிறது. கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

டிசம்பர் 19, சனி

மூன்றாவது பரிசோதனையும் வந்துவிட்டது. கிருமி இல்லை. இன்ஸ்பெக்டரே வீட்டுக்கு வந்து சொன்னார். வருஷம் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும், சோப்பை மட்டும் விடாதீங்க என்றார்.

மூன்று மாதத்துக்குப் பிறகு இன்று நான் உலை வைத்தேன். வஞ்சிரமீன் குழம்பு. ஜேக்கப் மூன்று மணிக்கு வந்தார். அடுப்பையும் என்னையும் பார்த்தார். கேட்காமலே உட்கார்ந்துவிட்டார்.

கரண்டியால் சோற்றை எடுத்தேன்.

"அத்த வையி. கையால போடு" என்றார்.

போய் சோப்புப் போட்டுக் கழுவினேன். திரும்ப ஒருமுறை கழுவினேன். வந்து கையால் அள்ளிப் போட்டேன். ஒரு கை, இரண்டு கை. சூடு விரலில் உறைத்தது. அவர் பிசைந்து வாயில் வைத்தார். மென்றார்.

"உப்பு தூக்கலா கீது" என்றார். தட்டைத் திரும்ப நீட்டினார்.