பொட்டலம் என் கையில்தான் இருந்தது

இன்று காலை எக்ஸ்ரே அறையைப் பெருக்கிவிட்டு மேசை டிராயரைத் திறந்தேன். உள்ளே நீங்கள் வாங்கி வைத்த கொண்டை ஊசி டப்பா. மூடியில் உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘எடுத்தவர்கள் திருப்பி வைக்கவும்.’ யார் திருப்பி வைத்தார்கள்? மூன்றே மூன்று ஊசி கிடக்கிறது, அதில் ஒன்று துருப்பிடித்தது.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது அண்ணா. உங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதலாம் என்றுதான் தாளை எடுத்தேன். ஐந்தாவது வரை படித்தவளின் எழுத்து இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நல்ல வார்த்தை எதுவும் வரமாட்டேன் என்கிறது. திட்டுதான் வருகிறது.

பதினாறு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். நீங்கள் படம் எடுப்பவர், நான் வருகிற பெண்களைத் தயார் செய்து உங்கள் முன்னால் நிறுத்துகிறவள். சடையைத் தூக்கிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் தோளில் விழுந்த சடை நெஞ்சுப் படத்தில் நோய் மாதிரி நிழலாக விழும். தாலியைக் கழற்று என்றால் எவளும் கழற்ற மாட்டாள். அதனால் ஊக்கு, காசு, குண்டு எல்லாவற்றோடும் சேர்த்துத் தாலியைத் தூக்கிப் பல்லில் கடித்துக்கொள்ளச் சொல்வோம். தறி நெய்கிறவர்கள் வந்தால், ஆணானாலும் பெண்ணானாலும், எனக்கு இன்னொரு வேலை உண்டு. கழுத்திலும் பனியனிலும் ஒட்டிய ஜரிகைத் துண்டுகளை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். படத்தில் ஜரிகை மெல்லிய வெள்ளைக் கம்பியாகத் தெரியும். இதை நான் உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நடுங்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நீங்கள் பேசுகிற பேச்சு இருக்கிறதே. “படம் புடிக்கிறது என் வேலை, பயப்படுறது உன் வேலையா? மூச்ச இழு, புடி, வுடு. அவ்ளோதான், போ.” எனக்குச் சிரிப்பு வரும். அவர்களுக்கு அழுகை வரும்.

அப்புறம்தான் முதலாளி அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார். படம் எடுத்த மறு நிமிடம் அதுவே பார்த்துச் சந்தேகமான இடத்தில் சிவப்புக் கட்டம் போடுமாம். வாசலில் போர்டு வேறு. விற்க வந்தவர் கழுத்தில் டை, காலில் பளபளவென்று ஷூ. “சார், இது மனுஷன் கண்ணுக்குத் தெரியாததையும் கண்டுபிடிக்கும்” என்றார். நீங்கள் அவரை ஏற இறங்கப் பார்த்து, “அப்படியா? நான் மத்தியானம் இன்னா சாப்ட்டேன்னு கண்டுபுடிக்கச் சொல்லு” என்றீர்கள்.

அந்தக் கழுதை முதல் வாரமே தன் புத்தியைக் காட்டியது. அவிழ்ந்து விழுந்த சடைக்கு ஒரு கட்டம். வாயிலிருந்து நழுவிய தாலிக்கு ஒரு கட்டம். முள்ளிப்பட்டிலிருந்து ஒரு நெசவாளர் தறியை விட்டு எழுந்து அப்படியே பஸ் ஏறி வந்திருந்தார். அன்று நான் லீவு, துடைக்க ஆளில்லை. அவர் நெஞ்சில் இரண்டு கட்டம். மனுஷன் அங்கேயே உட்கார்ந்து, பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையே என்று அழுதாராம். “யோவ், எழுந்திரு. உனக்கு நோவு இல்ல, உன் பனியன்ல பாதிப் புடவை கீது” என்று சொல்லி, உதறிவிட்டு மறுபடி எடுத்தீர்களாம். கட்டம் இரண்டும் காணாமல் போய்விட்டதாம். அந்தக் கதையை நான்தான் பஜார் முழுக்கப் பரப்பினேன். டீக்கடையில் உங்களைப் பார்த்தாலே, “இன்னாபா, மெஷினு எந்தப் புடவைக்கு வைத்தியம் சொல்லிச்சு?” என்று கேட்டார்கள். நீங்கள் ராஜா மாதிரி நடந்தீர்கள்.

முதலாளிக்கு மானம் போனது. டைக்காரரைத் திரும்ப வரவழைத்தார். அவர் ஏதோ தட்டித் தட்டிப் பார்த்து, “இப்ப சரியாயிடுச்சு. நோய் இல்லாத ஒருத்தர நிக்க வெச்சுப் பாருங்க” என்றார். நான் சும்மா இருந்தேனா?

“அண்ணாவ நிக்க வைங்க சார். ரெண்டு மாசமா இருமிகினே கீறாரு, ஓசியில பாத்துடலாம்.”

“நீயே நில்லேன், வாயாடி. உன் வாயைப் படம் புடிக்க இந்தத் தகடு பத்தாது.”

சொன்னீர்களே தவிர எழுந்து வந்தீர்கள். மேல்சட்டைப் பையில் உங்கள் வீட்டு ஜரிகைப் பொட்டலம் இருந்தது. அண்ணி தறியில் அறுந்து விழுந்த துண்டுகளைச் சேர்த்து வைப்பார்கள், நீங்கள் பஜாரில் எடைக்குப் போடுவதற்குக் கொண்டுவருவீர்கள். முதலாளியும் டைக்காரரும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருக்க, அதை எடுத்து என் கையில் கொடுத்து, “புடி, கீழ போட்டுடாத” என்றீர்கள். நான் உள்ளங்கையில் மூடிக்கொண்டேன்.

படம் வந்தது. இடப்பக்க நெஞ்சின் மேலே ஒரு கட்டம்.

நீங்கள் திரையை மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தீர்கள். திரும்பும்போது முகத்தில் சிரிப்பு இருந்தது.

“அட, பாக்கெட்ல ஜரிகைப் பொட்டலத்த வெச்சிகினே நின்னுட்டேன். அதுக்குப் போட்டுக் கீது கட்டம்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். பொட்டலம் என் கையில் இருக்கிறது. முதலாளியின் முகம் சிவக்கிறது, டைக்காரர் எச்சில் விழுங்குகிறார். ஆகா, மெஷினைக் கவிழ்க்க அண்ணா ஒரு வேலை பண்ணுகிறார் என்று நினைத்தேன். கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டு, “ஆமா சார், எவ்ளோ பளபளப்பாத் தெரியுது பாருங்க. ஒரிஜினல் ஜரிகை” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். டைக்காரர் வாங்கிய வசவு கொஞ்சமில்லை. அந்தச் சந்தடியில் நீங்கள் படத்தை அழித்துவிட்டீர்கள்.

அப்புறம் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டேன். “இது என் கையிலதான அண்ணா இருந்துச்சு?”

“தெரியும்மா. அவன் ஆட்டத்த அடக்கணும் இல்ல?”

நானும் சிரித்துக்கொண்டு போய்விட்டேன்.

எனக்குத் தெரியாதா? ஜரிகை என்றால் கம்பி மாதிரி இருக்கும். உங்கள் படத்தில் இருந்தது நனைந்த பஞ்சு மாதிரி இருந்தது. ஆயிரம் நெஞ்சுகளைத் துடைத்து அனுப்பியவள் நான். அதைச் சொல்ல ஆறாவது படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் சிரிப்பு அவ்வளவு ருசியாக இருந்தது, வாயை மூட மனசு வரவில்லை.

மாடியில் டாக்டர் இருந்தார். பன்னிரண்டு படி. நீங்கள் ஏறவில்லை. இருமலுக்குத் தேன் குடித்தீர்கள், மிளகு மென்றீர்கள், களம்பூர் ரைஸ்மில் தவிட்டுத் தூசி பஸ்ஸில் வரும்போது ஒத்துக்கொள்ளவில்லை என்றீர்கள். ஏழு மாதம் கழித்து ரத்தமாக வந்தபோது வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். புற்று, கைமீறிவிட்டது என்றார்கள்.

வேலூர் வார்டில் உங்களைப் பார்க்க வந்தேன். அண்ணி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார்கள். நீங்களாகவே ஆரம்பித்தீர்கள்.

“அன்னிக்கே தெரியும்மா. எனக்குப் படம் பாக்கத் தெரியாதா?”

“தெரிஞ்சிகினே ஏன் அழிச்சீங்க?”

“அழிச்சிட்டா இல்லன்னு ஆயிடும்னு நெனச்சேன்.”

“ஊரையே மிரட்டின ஆளு நீங்க. ஒரு செவப்புக் கட்டத்துக்கு இப்படிப் பயந்துட்டீங்களே, வெக்கமா இல்ல?”

“இருக்குது” என்று சொல்லிச் சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாக மாறி, நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

அதுதான் நாம் பேசிய கடைசிப் பேச்சு. செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டுவேன். முள்ளிப்பட்டுக்காரர் பயந்தார், அழுதார், ஆனாலும் மறுபடி போய் நின்றார். நீங்கள் அந்த மனுஷனைப் பார்த்துச் சிரித்தீர்கள். நான் உங்களோடு சேர்ந்து சிரித்தேன். நம் இரண்டு பேரில் யார் அதிகக் கேவலம் என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. சில நாள் நீங்கள், பல நாள் நான்.

மெஷின் இன்னும் அதே கழுதைதான், அதில் மாற்றமில்லை. போன மாதம்கூட ஒரு பாட்டியின் தாயத்துக்குக் கட்டம் போட்டது. முதலாளி போர்டுக்கு விளக்கு மாட்டியிருக்கிறார். டைக்காரர் இப்போது கார் வாங்கிவிட்டாராம்.

போன வாரம் பவர்லூம் ஓட்டுகிற ஒருவர் வந்தார். கட்டம் விழுந்தது. “ஜரிகைம்மா, வுடு” என்று சட்டையை மாட்டினார். பனியனைக் கழற்றச் சொன்னேன், கழுத்திலிருந்து இடுப்பு வரை துடைத்தேன், உங்கள் இடத்தில் இப்போது இருக்கிறவரை மறுபடி எடுக்க வைத்தேன். கட்டம் போகவில்லை. அவர் கிளம்பப் பார்த்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்தேன். ஸ்கேன், சளிப் பரிசோதனை என்று மூன்று நாள் அலைச்சல். கடைசியில், எப்போதோ வந்து ஆறிப்போன பழைய வடு, பயம் ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அந்த மனுஷன் என்னைப் பிடித்துக்கொண்டார். “மூணு நாள் தறி நின்னு போச்சு. பொண்டாட்டி சோறு துன்னல. உனக்கு வேற வேலை இல்லியா? சும்மா இருந்தவன பேஜார் பண்ணிட்டியே.” தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். நான் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அதிசயம் என்று தெரியும்.

அவர் திட்டி முடிக்கிற வரை நின்று கேட்டேன் அண்ணா. அன்று உங்களிடம் வாங்கியிருக்க வேண்டிய திட்டு அது.