ஒரே டேக்கில் முடிந்த காட்சி

மார்ச் 4, செவ்வாய்

இன்று முழுக்க ஒரே காட்சி. விண்கலத்தின் ஜன்னலருகே உட்கார்ந்து வெளியே பார்க்க வேண்டும். வெளியே இருப்பது கறுப்புத் துணி. டைரக்டர் லேசில் நிறுத்துகிறவர் இல்லை. கண் எரிந்து தண்ணீர் வழிந்தது. "நல்லா இருந்துச்சு. ஆனா நீங்க துணியத்தான் பாக்கறீங்க. இன்னொரு தடவ போலாம்" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் லைட்மேன் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கதை எப்ப சார் ஆரம்பிக்குது?"

"ஆரம்பிச்சு ஒரு வாரம் ஆச்சுண்ணே."

"அப்ப நான்தான் தூங்கிட்டேனா?"

படத்தில் நான் ஒருவன்தான். திரும்பி வர முடியாத தூரத்துக்குத் தனியாகப் போகிறவன். பூமியிலிருந்து குரல்கள் மட்டும் வரும். இத்தனை வருடம் ஹீரோவின் நண்பனாக வந்து அடி வாங்கிக்கொண்டிருந்தவனுக்கு இப்படி ஒன்று அமைந்திருக்கிறது. கெடுத்துக்கொள்ளக் கூடாது.

மார்ச் 7, வெள்ளி

ஊரில் அப்பாவுக்கு மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். "பயப்படற மாதிரி இல்லன்னு டாக்டர் சொல்றாரு. நீ வேலையப் பாரு, ஏதாவதுன்னா நான் சொல்றேன்" என்றாள் அக்கா. போனை அப்பாவிடம் கொடுத்தாள். "ராக்கெட்டு கெளம்பிடுச்சா?" என்று கேட்டார். அதற்குள் இருமல்.

செட்டுக்குள் போன் கூடாது என்பது டைரக்டர் போட்ட சட்டம். தனிமை கெட்டுவிடுமாம். காலையில் அவர் கையில் கொடுத்துவிட்டு சாயங்காலம் வாங்கிக்கொள்ள வேண்டும். விஷயத்தைச் சொல்லி, போனைத் திறக்கும் நம்பரையும் கொடுத்தேன். "அவசரம்னா நானே ஓடி வந்து சொல்றேன், கவலைய விடுங்க" என்றார். நல்ல மனுஷன்.

மார்ச் 10, திங்கள்

மிதப்பது போல் காட்ட அந்தரத்தில் தொங்கவிடும் பெல்ட் இடுப்பைத் தடிக்க வைத்துவிட்டது. குப்புறத்தான் படுக்கை.

மார்ச் 13, வியாழன்

அப்பா போய்விட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா வீட்டு மாடி அறை. வந்தவர்கள் கலைந்துவிட்டார்கள். எழுதிவிடுகிறேன் — உள்ளேயே வைத்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

புதன்கிழமை எடுக்க வேண்டியது, பூமியிலிருந்து ஒரு கெட்ட செய்தி வரும் காட்சி. வசனத்தை எனக்குத் தரவில்லை. "கேக்கும்போது தெரிஞ்சா போதும்" என்றிருந்தார் டைரக்டர். பகலெல்லாம் வேறு ஏதேதோ எடுத்தார். சாயங்காலம் என்னைத் தொங்கவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டார்.

"குட்டி, அப்பாவுக்கு ரொம்ப முடியலடா. உன்னையேதான் கேக்கறாரு. எத்தன தடவ கூப்பிடறது. உடனே கெளம்பி வாடா."

டப்பிங் பேசியவள் கெட்டிக்காரி என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் 'குட்டி' உறைத்தது. அக்காவைத் தவிர யாரும் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை.

கையால் பெல்ட்டைக் கழற்ற முடியவில்லை. "கழட்டுங்க... அண்ணே, கழட்டுங்க" என்கிறேன், யாரும் அசையவில்லை. நடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் லைட்மேன் அண்ணன்தான் ஏணி போட்டு ஏறி வந்து அவிழ்த்துவிட்டார்.

போனை வாங்கிப் பார்த்தேன். அக்காவின் குரல் செய்தி காலையிலேயே வந்திருந்தது. காலையிலேயே.

"கார் தயாரா நிக்குது" என்றார் டைரக்டர். "என்னை மன்னிக்க வேணாம். ஆனா இந்த மாதிரி ஒண்ண இனிமே யாராலயும் எடுக்க முடியாது." அவர் கண்ணும் கலங்கியிருந்தது. எனக்கு அவரை ஓர் அறை விடக்கூடத் தோன்றவில்லையே. ஏன்?

விடியும்போது வந்து சேர்ந்தேன். "பொழுது சாயற வரைக்கும் நெனவு இருந்துச்சு. கதவையே பாத்துக்கிட்டு இருந்தாரு" என்றாள் அக்கா. காலையில் கிளம்பியிருந்தால் பொழுது சாய்வதற்குள் வந்திருப்பேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 27, வியாழன்

சொல்லிவிட்டேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"என் குரல அங்க எல்லாரும் கேட்டாங்களா?"

"ஆமா."

"தெரிஞ்சதுக்கு அப்புறமும் அந்த ஆளு குடுத்த கார்லதான வந்த?"

வேறு எப்படி வருவேன்? மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அத்தான் வாசல் வரை வந்தார். "கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதப்பா. நான் சொல்லி அனுப்பறேன்."

ஏப்ரல் 2, புதன்

நடிகர் சங்கத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தேன். செயலாளர் முழுதாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஷாட் எப்படி வந்திருக்கு?" என்றார்.

ஏப்ரல் 19, சனி

டப்பிங்குக்கு வரச் சொன்னார்கள். அந்தக் காட்சியில் மின்விசிறிச் சத்தம் விழுந்துவிட்டதாம். நான் அழுததை மறுபடி அழுது தர வேண்டுமாம். அந்தக் காட்சியையே தூக்கிவிடச் சொன்னேன். "படமே அதுதான்" என்றார் டைரக்டர். மற்றதெல்லாம் பேசித் தருகிறேன், அதற்கு மட்டும் மாட்டேன் என்றேன். தயாரிப்பாளர் கோபப்படவே இல்லை. "பரவால்ல, அதுக்கு வேற ஆள் வெச்சுக்கறோம்."

மே 6, செவ்வாய்

டப்பிங்கில் என் பங்கு முடிந்தது. வெளியே வந்தால் நடையில் ஒருவர் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்காக அழ வந்தவர். "தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்று எழுந்து நின்றார். "யாருக்காக அழறீங்கன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா சரியா வந்துடும்."

"அப்பாவுக்கு."

"சரி சார். அது வரும்."

ஜூலை 9, புதன்

வேலை இல்லை. போன் அடித்தால் மட்டும் ஓடிப் போய் எடுக்கிறேன். பேசுவது அக்கா இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

நேற்று அக்காவே கூப்பிட்டாள். "படம் வந்துடுச்சாமே. கூட்டிட்டுப் போ." நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

பகல் காட்சி. முக்கால்வாசி நாற்காலி காலி. பாதியில் இரண்டு பேர் கொட்டாவி விட்டபடி எழுந்து போனார்கள். அக்கா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்திருந்தாள்.

அந்தக் காட்சி வந்தது. அவள் சொன்ன அதே வார்த்தைகள், வேறொரு பெண்ணின் குரலில். 'குட்டி'யைக்கூட விடவில்லை. 'கழட்டுங்க' என்று நான் வாயசைக்கிறேன், 'திருப்புங்க, கப்பலத் திருப்புங்க' என்று கேட்கிறது. அப்புறம் வெந்நீர் குடித்த அந்த ஆள் அழுதார். தேம்பித் தேம்பி, நன்றாகவே அழுதார். முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அக்கா என் பக்கம் சாய்ந்தாள். "இது யாருடா? நீ அழுதா சத்தமே வராதே."

"காசு குடுத்து அழ வெச்சாங்க."

கைப்பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள்.

"வெளிய போயிடலாமாக்கா?"

"இரு. இவன் வீட்டுக்குத் திரும்பறானான்னு பாத்துட்டுப் போலாம்."

"திரும்ப மாட்டான்க்கா."

அவள் எழுந்திருக்கவில்லை.